பைத்தான் கோர் டெவலப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்: "இந்த இடத்துல இது நடக்குமா"ன்னு கேக்க எங்களுக்கும் வழி வேணும்

பைத்தான் கோர் டெவலப்பர்கள், அதான் பைத்தான்ங்கற ப்ரோக்ராமிங் மொழியையே எழுதிப் பராமரிக்கற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பைத்தான்ல சின்னச் சின்ன டூல் எழுதற ஆளு. சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க கடைக்கு பேக்கப் எடுக்கறது, ஃபைல் பேர் மாத்தறது, பில் பிடிஎஃப் எல்லாம் மாசவாரியா அடுக்கி வைக்கறது, இந்த மாதிரி வேலைக்கு. அதனால ஒரே ஸ்க்ரிப்ட் என் உபுண்டு லேப்டாப்லயும் ஓடணும், கடையில இருக்கற விண்டோஸ் மெஷின்லயும் ஓடணும், யாரோ எப்பவோ வாங்கிப்போட்ட பென் டிரைவ்லயும் ஒழுங்கா எழுதணும். பைத்தான் இதை பெரும்பாலும் செஞ்சு குடுத்துடுது, பத்து வருஷத்துக்கு மேல அதை நம்பித்தான் ஓட்டிட்டு இருக்கேன், மனசார நன்றி. இந்த லெட்டர் அந்த "பெரும்பாலும்"ல விட்டுப்போன மிச்சத்தைப் பத்தி.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒரு ஃபங்ஷன் இருக்கா இல்லையான்னு கேக்க பைத்தான்ல வழி இருக்கு, ஹாஸ்அட்டர் (இந்தப் பேர்ல ஒண்ணு இருக்கான்னு மட்டும் பாக்கறது) போட்டா போதும். ஆனா அந்த ஃபங்ஷன் இந்த மெஷின்ல, இந்த டிரைவ்ல, நான் உள்ள அனுப்பற மதிப்போட, அதான் ஆர்க்யுமென்ட்டோட, கேட்ட வேலையை முழுசா செய்யுமான்னு கேக்க பொதுவான வழி ஒண்ணும் இல்ல. சில ஃபங்ஷனுக்கு இருக்கு, பலதுக்கு இல்ல, இருக்கறதும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி. ஃபங்ஷன் கை விரிச்சு எரர் குடுத்தாக்கூட பரவால்ல, சரி சரின்னு தலையாட்டிட்டு பாதி வேலையை மட்டும் செஞ்சுட்டு போற ஃபங்ஷன்தான் எங்கள மாதிரி ஆளுங்களை கவுத்துடுது.

நடந்ததைச் சொல்றேன். ஒரு கடைக்கு பேக்கப் டூல் எழுதினேன், ஆன்லைன் ஸ்டோரேஜ்ல ஏத்தறதுக்கு பாஸ்வேர்ட் மாதிரி ஒரு டோக்கன் வேணும், அதை ஒரு ஃபைல்ல எழுதி ஓஎஸ் மாட்யூல்ல இருக்கற, ஃபைலோட அனுமதியை மாத்தற சிஎச்மோட் ஃபங்ஷனை வச்சு 600-ன்னு போட்டேன், அதாவது ஓனர் மட்டும் படிக்கலாம் எழுதலாம், வேற யாரும் தொடக்கூடாது. என் லேப்டாப்ல பக்காவா இருந்துச்சு. கடை மெஷின் விண்டோஸ், டி டிரைவ்ல பொதுவா ஒரு ஃபோல்டர், ரெண்டு மூணு பேர் தனித்தனி லாகின் வச்சு வேலை பாக்கறாங்க. அங்கயும் ஸ்க்ரிப்ட் ஓடிச்சு, எரர் இல்ல, வார்னிங் இல்ல, நானும் நிம்மதியா வந்துட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு கணக்கு பாக்கற அண்ணன் வேற லாகின்ல இருந்து நோட்பேட்ல அந்த ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு "தம்பி இது என்ன, நீளமா ஏதோ எழுத்தா இருக்கு, அழிச்சுடலாமா"ன்னு போன் பண்றாரு. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நல்லவேளை பணமோ டேட்டாவோ எதுவும் போகல, அன்னைக்கே டோக்கனை மாத்திட்டேன்.

உங்க டாக்குமெண்ட்ல இது இருக்கு, நான் படிக்காம விட்டது என் தப்புதான். விண்டோஸ்ல சிஎச்மோட் ரீட்-ஒன்லி ஃப்ளாகை மட்டும்தான் மாத்தும், மத்த பிட் எல்லாத்தையும் கண்டுக்காதுன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. ஆனா டாக்குமெண்ட்ல எழுதின அந்த ஒரு வரி என் ப்ரோக்ராமுக்குத் தெரியாதே. ஹாஸ்அட்டர் கேட்டா சிஎச்மோட் இருக்குன்னு வரும், கூப்பிட்டா எக்ஸப்ஷன் வராது, ரிட்டர்ன் வேல்யூ எப்பவும் நன் (None, அதாவது வெறுமை) தான். வேலை நடக்கலன்னு கண்டுபிடிக்க ஒரே வழி திரும்ப ஸ்டாட் பண்ணி (ஃபைலோட விவரத்தைக் கேக்கற ஃபங்ஷன்) மோடை, அதான் அந்த அனுமதி எண்ணைப் படிக்கறது, 600 போட்ட ஃபைல் 666-ன்னு, அதாவது எல்லாரும் படிக்கலாம் எழுதலாம்னு வந்து நிக்கும். ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்ட கையோட அது நிஜமாவே செஞ்சுதான்னு நானே போய் சரிபார்க்கணும்னா, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயத்துல எத்தனை பேரு அப்படிப் பாப்பாங்க? நான் பாக்கல.

இது என்னோட கவனக்குறைவு மட்டும்தான்னா இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன். இதே ஓட்டையில உங்க ஸ்டாண்டர்ட் லைப்ரரியே விழுந்திருக்கு. டெம்ப்ஃபைல் மாட்யூலோட எம்கேடிடெம்ப் ஃபங்ஷன் 700 மோட்ல டைரக்டரி உருவாக்கும், அதாவது உருவாக்கினவன் மட்டும்தான் உள்ள போகலாம்னு அர்த்தம், ஆனா அதுக்குக் கீழ டைரக்டரியை நிஜமா உருவாக்கற எம்கேடிர் ஃபங்ஷன் விண்டோஸ்ல அந்த மோடைக் கண்டுக்கல. டெம்ப் ஃபோல்டர் வழக்கமா யூசரோட சொந்த ப்ரொஃபைலுக்குள்ள இருக்கறதால பெரும்பாலான மெஷின்ல தப்பிச்சுடுச்சு, இடத்தை மாத்தி வச்சவங்களுக்கு அது திறந்த வீடு. 2024-ல தான் அது சிவிஇ-2024-4030 அப்படின்னு பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் குடுக்கற நம்பர் வாங்கி, பைத்தான் 3.12.4-லயும் 3.13-லயும் விண்டோஸ்ல 700-ஐ மட்டும் தனியா கவனிக்கற மாதிரி சரி பண்ணீங்க. மத்த மோட் இன்னைக்கும் கண்டுக்கப்படாது. பைத்தானை எழுதறவங்களுக்கே கண்ணுல படாத விஷயம்னா எங்களுக்கு எப்படிப் படும்?

உங்களுக்கு இந்தப் பிரச்சினை புதுசில்லன்னு எனக்குத் தெரியும். 2012 செப்டம்பர்ல வந்த பைத்தான் 3.3-ஐ எடுத்துக்கங்க. அது ஆல்ஃபாவா, அதான் சோதனைப் பதிப்பா இருந்தப்போ, போசிக்ஸோட (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது விதி) "அட்" குடும்பம், அதான் எஃப்ஸ்டாட்அட், அன்லிங்க்அட் மாதிரி ஃபங்ஷன் எல்லாம், ஓஎஸ் மாட்யூல்ல ஒண்ணொண்ணும் தனிப் பேரோட வந்து உக்காந்துச்சு. அப்ப உங்கள்ல ஒருத்தரான லாரி ஹேஸ்டிங்ஸ் அதையெல்லாம் சுருக்கி, ஏற்கனவே இருக்கற ஸ்டாட், அன்லிங்க், ஓப்பன் ஃபங்ஷனுக்கே டிர்_எஃப்டி (எந்த டைரக்டரியில இருந்து பாக்கணும்), ஃபாலோ_சிம்லிங்க்ஸ் (சிம்லிங்க், அதான் வேற ஃபைலைக் காட்டற குறுக்குவழி வந்தா அதைத் தொடரணுமா)னு கீவேர்ட் ஆர்க்யுமென்ட்டா குடுத்தாரு. நல்ல முடிவு, ஓஎஸ் மாட்யூல் பேரால நிரம்பி வழியாம தப்பிச்சது. ஆனா அதுல ஒண்ணு தொலைஞ்சது. தனித்தனி ஃபங்ஷனா இருந்தவரைக்கும் ஹாஸ்அட்டர் போதும், எஃப்ஸ்டாட்அட் இருந்தா வசதி இருக்கு, இல்லன்னா இல்ல. ஆர்க்யுமென்ட்டா மாத்தினதுக்கப்புறம் ஸ்டாட் எல்லா மெஷின்லயும் இருக்கும், அதுக்குள்ள டிர்_எஃப்டி வேலை செய்யுமாங்கறது மட்டும் ஒவ்வொரு மெஷினுக்கும் மாறும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது.

அதை நீங்க அப்பவே யோசிச்சீங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். சப்போர்ட்ஸ்_டிர்_எஃப்டி, சப்போர்ட்ஸ்_எஃப்டி, சப்போர்ட்ஸ்_ஃபாலோ_சிம்லிங்க்ஸ், சப்போர்ட்ஸ்_எஃபெக்டிவ்_ஐடிஸ்னு நாலு செட், அதான் ஃபங்ஷன் பட்டியல் வச்சீங்க. ஓஎஸ்.ஸ்டாட் அந்த செட்டுக்குள்ள இருக்கான்னு "இன்" போட்டுக் கேட்டா ஆமா இல்லன்னு பதில். அதை மீறி ஆதரவு இல்லாத இடத்துல கூப்பிட்டா நாட்இம்ப்ளிமென்டட்எரர் சத்தமா வரும். முன்கூட்டியே கேக்கலாம், கேக்காம கூப்பிட்டாலும் மறைக்காம எரர் வரும், ரெண்டு பக்கமும் அடைச்சாச்சு. ஷுடில் மாட்யூல்ல டைரக்டரியை உள்ள இருக்கறதோட சேர்த்து அழிக்கற ஆர்எம்ட்ரீ ஃபங்ஷன் இதை எவ்வளவு அழகா பயன்படுத்துது பாருங்க. ஒரு டைரக்டரியை அழிச்சுட்டு இருக்கும்போதே வேற ஒருத்தன் நடுவுல சிம்லிங்க் வச்சு வேற இடத்தை அழிக்க வைக்கற தாக்குதல் இருக்கில்ல, அதைத் தடுக்கணும்னா ஓப்பன், ஸ்டாட், அன்லிங்க், ஆர்எம்டிர் நாலும் டிர்_எஃப்டி செட்ல இருக்கணும், ஸ்கேன்டிர் எஃப்டி செட்ல இருக்கணும், ஸ்டாட் ஃபாலோ_சிம்லிங்க்ஸ் செட்ல இருக்கணும். எல்லாம் இருந்தா பாதுகாப்பான வழி, ஒண்ணு குறைஞ்சாலும் பழைய வழி. எந்த வழின்னு ஆர்எம்ட்ரீ ஃபங்ஷன் மேலயே அவாய்ட்ஸ்_சிம்லிங்க்_அட்டாக்ஸ்னு ஒரு அட்ரிப்யூட்டா ஒட்டி வச்சிருக்கீங்க. அந்த அட்ரிப்யூட்டை முதல்தடவை பாத்தப்போ, யாரோ ஒருத்தர் என்னைய மாதிரி ஆளை மனசுல வச்சு எழுதியிருக்காங்கன்னு தோணுச்சு.

அதே 3.3-ல கடிகாரத்தையும் சரி பண்ணீங்க. டைம்.க்ளாக் யூனிக்ஸ்ல சிபியூ நேரம் சொல்லும், விண்டோஸ்ல சுவர்க்கடிகார நேரம் சொல்லும், ஒரே பேரு ரெண்டு அர்த்தம். அதை ஒதுக்கி வச்சுட்டு பெர்ஃப்_கவுன்ட்டர், ப்ராசஸ்_டைம், மானடானிக்னு அர்த்தத்துக்கு ஒரு பேரா பிரிச்சு, கெட்_க்ளாக்_இன்ஃபோ கேட்டா இந்தக் கடிகாரம் பின்னாடி போகுமா, துல்லியம் எவ்வளவு, கீழ எந்த சிஸ்டம் கால் (ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட வைக்கற கோரிக்கை)னு எல்லாம் சொல்ற மாதிரி வச்சீங்க. பழைய க்ளாக் 3.8-ல போயே போச்சு. எனக்குத் தெரிஞ்சு இந்த வகையில இருக்கறதுலயே சிறந்த டிசைன் அதுதான்.

ஆனா 2012-ல போட்ட அந்த ரோடு அதுக்கப்புறம் நீளவே இல்ல, அதான் என் வருத்தம். சிஎச்மோட் சிம்லிங்கைத் தொடரணுமா வேண்டாமான்னு கேக்க செட் இருக்கு, சிஎச்மோட் நான் குடுத்த 600-ஐ மதிக்குமான்னு கேக்க ஒண்ணும் இல்ல. சிம்லிங்க் ஃபங்ஷன் விண்டோஸ்ல இருக்கு, ஹாஸ்அட்டர் ஆமாங்கும், கூப்பிட்டா டெவலப்பர் மோட் ஆன் ஆகாத சாதாரண லாகின்ல உரிமை இல்லன்னு 1314 எரர் வந்து நிக்கும். நெட்வொர்க் வேலைக்கான சாக்கெட் மாட்யூல்ல ஹாஸ்_ஐபிவி6 (புது வகை இன்டர்நெட் முகவரி இருக்கா) ஆமான்னு சொல்லும், ஆனா அது பைத்தானை பில்ட் பண்ணும்போது கிடைச்ச பதில், நான் நிக்கற மெஷின்ல ஐபிவி6-ஐ யாராவது அணைச்சு வச்சிருந்தா அதுக்குத் தெரியாது. ஹாஷ்லிப்ல அல்காரிதம்ஸ்_அவைலபிள் லிஸ்ட்ல எம்டி5ங்கற பழைய ஹாஷ் முறை இருக்கும், ஃபிப்ஸ் (அமெரிக்க அரசோட குறியாக்க விதி) கட்டுப்பாடு போட்ட சர்வர்ல கூப்பிட்டா வேல்யூஎரர் வரும். தேதியை எழுத்தா மாத்தற ஸ்ட்ராஃப்டைம்ல தேதிக்கு முன்னாடி வர பூஜ்யத்தை எடுக்க லினக்ஸ்ல சதவீதக் குறிக்கப்புறம் மைனஸ் போடணும், விண்டோஸ்ல ஹேஷ் போடணும், இங்க எது செல்லும்னு கேக்க ஃபங்ஷனே கிடையாது.

இதையெல்லாம் யோசிச்சுப் பாத்தா எனக்குப் புரியறது என்னன்னா, "முடியுமா"ங்கறது ஒரு கேள்வி இல்ல, மூணு கேள்வி. பைத்தானை பில்ட் பண்ணின இடத்துல முடிஞ்சுதா, இப்ப ஓடிட்டு இருக்கற இந்தக் கர்னல்ல (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) இந்த யூசருக்கு முடியுமா, நான் கை வைக்கப் போற இந்தப் பாத்ல, அதான் ஃபைல் இருக்கற இடத்துல முடியுமா. முதல் கேள்விக்கு வந்த பதிலை மத்த ரெண்டுக்கும் சேத்து குடுத்துடறதுதான் பாதி குழப்பத்துக்குக் காரணம். முதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை மேக்ல நீங்களே ஒருதடவை தாண்டியிருக்கீங்க, 3.9.1-ல புது மேக்ஓஎஸ்ல பில்ட் பண்ணின பைத்தான் பழைய மேக்ஓஎஸ்லயும் ஓடணும்னு வந்தப்போ, ஃபங்ஷன் நிஜமாவே இருக்கான்னு ஓடும்போது பாத்து அதுக்கேத்த மாதிரி அந்த சப்போர்ட்ஸ் செட்டை எல்லாம் நிரப்பற மாதிரி மாத்தினீங்க. லினக்ஸ் கன்டெய்னர்ல (ப்ரோக்ராமைத் தனியா அடைச்சு ஓட்டற பெட்டி) இது இன்னும் சிக்கல், எந்த சிஸ்டம் காலை விடலாம்னு காவல் காக்கற பழைய செக்காம்ப் ஃபில்டர் தனக்குத் தெரியாத சிஸ்டம் கால் வந்தா "அப்படி ஒண்ணு இல்ல"ன்னு சொல்லாம "அனுமதி இல்ல"ன்னு சொல்லும், ரெண்டுக்கும் நாம எடுக்க வேண்டிய முடிவு வேற வேற.

மூணாவது கேள்வி, பாத் பத்தினது, அதுதான் யாருமே தொடாதது, எனக்கு அதிகமா அடி விழுந்ததும் அங்கதான். மாமா ஒருத்தர் ஃபோட்டோ ஸ்டுடியோ வச்சிருக்காரு. கல்யாண ஆல்பம் எல்லாம் ராத்திரி ஒரு வெளி டிரைவுக்கு காப்பி ஆகணும், மாறின ஃபைல் மட்டும் போனா போதும். நான் ஷுடில்ல இருக்கற, ஃபைலோட நேரத்தையும் சேர்த்து எடுக்கற காப்பி2 வச்சு காப்பி பண்ணி, ரெண்டு பக்கமும் மாற்ற நேரம் சமமா இருந்தா விட்டுடுன்னு எழுதினேன். என் மெஷின்ல அருமையா ஓடிச்சு. அங்க தினமும் விடிய விடிய ஓடுது, ஃபைல் எல்லாமே மறுபடி மறுபடி காப்பி ஆகுது. பாத்தா அந்த டிரைவ் ஃபேட்32ங்கற பழைய ஃபைல் சிஸ்டம். அதுல மாற்ற நேரம் ரெண்டு செகண்டுக்கு ஒருதடவைதான் பதிவாகும், நடுவுல இருக்கற செகண்டையும் பின்னத்தையும் அது சேமிக்கவே முடியாது. காப்பி2 உள்ள கூப்பிடற யூடைம் ஃபங்ஷன் நான் குடுத்த நேரத்தை வாங்கிக்குச்சு, எரர் இல்ல, டிஸ்க்ல வேற நேரம் எழுதிடுச்சு. ஒரே மெஷின், ஒரே பைத்தான், சி டிரைவ்ல சரி, இந்த டிரைவ்ல தப்பு. இங்க ப்ளாட்ஃபார்ம் என்னன்னு கேட்டு என்ன பிரயோஜனம்?

இன்னொண்ணு, இது தமிழ்ல பேர் வைக்கறவங்களுக்குன்னே வர்றது. ஸ்டுடியோவுல ஃபோல்டர், ஃபைல் எல்லாத்துக்கும் மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, மண்டபம், ஊரு, தேதின்னு முழுசா தமிழ்லயே பேர் வைப்பாங்க. விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ல ஒரு பேருக்கு 255 யூடிஎஃப்-16 இடம், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் ஒரு இடம்தான் எடுக்கும், தாராளமா போதும். லினக்ஸோட எக்ஸ்ட்4-ல 255 பைட், யூடிஎஃப்-8-ல தமிழ் குறி ஒவ்வொண்ணும் மூணு பைட், ஆக 85 குறிதான். "கு"ங்கற ஒரு எழுத்தே ககரம் ஒண்ணு உகரக் குறி ஒண்ணுன்னு ஆறு பைட் சாப்பிட்டுடும், புள்ளி வச்ச எழுத்தும் அப்படித்தான். விண்டோஸ்ல நல்லாருந்த ஆல்பத்தை என் லேப்டாப்புக்கு எடுத்துட்டு வந்தா பேரு நீளம்னு எரர் வந்து காப்பி பாதியில நிக்குது. இங்கிலீஷ்ல பேர் வைக்கறவங்களுக்கு இது அனேகமா வாழ்நாள்ல வராது. யூனிக்ஸ்ல பாத்கான்ஃப்னு ஒண்ணு பல வருஷமா இருக்கு, ஒரு பாத்தைக் குடுத்து இங்க பேரோட அதிகபட்ச நீளம் என்னன்னு கேக்கலாம், பாத்தை வச்சு கேள்வி கேக்கற சரியான டிசைன் அது. ஓஎஸ் மாட்யூல்லயும் இருக்கு. ஆனா விண்டோஸ்ல அந்த ஃபங்ஷனே இல்ல, இருக்கற இடத்துலயும் 255-ன்னு ஒரு நம்பர் வருமே தவிர அது பைட்டா எழுத்தான்னு அது சொல்லாது. என் மாதிரி ஆளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேணும்.

இதுக்கெல்லாம் நீங்க சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். "ட்ரை போட்டுப் பாரு, எரர் வந்தா எக்ஸப்ட்ல பிடி", அனுமதி கேக்கறதைவிட மன்னிப்பு கேக்கறது சுலபம், பைத்தான் வழியே அதுதான். நானும் அப்படித்தான் எழுதறேன், தொண்ணூறு சதவீதம் அது போதும்னே வச்சுக்கங்க. ஆனா அது எரர் வந்தாத்தானே நடக்கும்? சிஎச்மோட் எரர் குடுக்கல, யூடைம் எரர் குடுக்கல. ஷுடில்ல இருக்கற காப்பிஸ்டாட் ஒருபோதும் தோல்வின்னு சொல்லாதுன்னு டாக்குமெண்ட்லயே எழுதி வச்சிருக்கீங்க, முடிஞ்சதை காப்பி பண்ணும் முடியாததை விட்டுடும், எதை விட்டுச்சுன்னு சொல்லாது. மன்னிப்பு கேக்கறதுக்கு முதல்ல தப்பு நடந்தது தெரியணும். அதுமட்டும் இல்ல, சில வேலையை முயற்சி பண்ணிப் பாத்துட்டு பின்வாங்க முடியாது. நாலாயிரம் ஃபோட்டோவுல மூவாயிரம் போனதுக்கப்புறம் இந்த டிரைவ்ல சிம்லிங்க் வராதுன்னு தெரிஞ்சா அந்த மூவாயிரத்தை என்ன பண்றது? ஸ்க்ரீன்ல பட்டனைக் காட்டலாமா மறைக்கலாமாங்கற முடிவை யூசர் அமுக்கினதுக்கப்புறம் எடுக்க முடியாது.

வழி இல்லாதப்போ ஜனங்க என்ன பண்றாங்கன்னு பாத்தீங்கன்னா, சிஸ்.ப்ளாட்ஃபார்ம், அதான் ஓடற சிஸ்டத்தோட பேரு என்னன்னு பாத்து ஊகம் பண்றாங்க, நானும் பண்ணியிருக்கேன். அது எவ்வளவு இத்துப்போன கயிறுங்கறது உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். பழைய பைத்தான்ல "லினக்ஸ்2"ன்னு வந்துட்டு இருந்துச்சு, 3.3-ல "லினக்ஸ்"ன்னு ஆச்சு, அப்படியே சமமான்னு பாத்த கோடெல்லாம் உடைஞ்சுது. 3.13-ல ஆண்ட்ராய்டு தனியா "ஆண்ட்ராய்டு"ன்னு வருது, அதுவரைக்கும் அதுவும் "லினக்ஸ்" தான். ப்ரவுசர் உலகத்துல யூசர் ஏஜென்ட், அதான் ப்ரவுசர் தன்னைப் பத்தி அனுப்பற பேரைப் பாத்து ஊகம் பண்ணி எல்லா ப்ரவுசரும் இன்னைக்கும் "மொசில்லா"ன்னு பொய்ப்பேர் சொல்லிட்டுத் திரியுது. அங்க க்ளிக், ஸ்க்ரோல் மாதிரி நிகழ்வைக் கவனிக்கற ஆட்இவென்ட்லிஸனர்ல 2016 வாக்குல பாஸிவ்னு ஒரு ஆப்ஷன் வந்தப்போ, இருக்கான்னு கேக்க வழி இல்லாம, ஒரு ஆப்ஜெக்ட்ல பாஸிவ்ங்கற பேருக்கு கெட்டர் (யாராவது படிச்சா தானா ஓடற ஃபங்ஷன்) வச்சு, ப்ரவுசர் அதை எட்டிப் பாக்குதான்னு வேவு பாத்து கண்டுபிடிக்கற வித்தையை ஊரே காப்பி பண்ணிட்டு இருந்துச்சு. கேள்வி கேக்க வாசல் வைக்கலன்னா ஜனங்க ஜன்னல் வழியாத்தான் பாப்பாங்க.

லினக்ஸ் கர்னல் ஆளுங்க இதே பாடத்தை அடிபட்டுப் படிச்சதுதான் எனக்கு நம்பிக்கை குடுக்குது. பழைய ஓப்பன் சிஸ்டம் கால் தெரியாத ஃப்ளாக் வந்தா கண்டுக்காம விட்டுடும், அதனால புது ஃப்ளாக் சேர்த்தா பழைய கர்னல் அதைச் செஞ்சுதா இல்லையான்னு தெரியாது. கர்னல் 3.11-ல ஓ_டெம்ப்ஃபைல்னு தற்காலிக ஃபைலுக்கான ஃப்ளாக் சேர்த்தப்போ, பழைய கர்னல்ல கட்டாயம் எரர் வரணும்னே அதுக்குள்ள ஓ_டைரக்டரி பிட்டையும் சேர்த்து வச்சாங்க. ஃபைலை மெமரியில கொண்டு வர எம்மேப்லயும் அதே கதை, 4.15-ல மேப்_ஷேர்டு_வேலிடேட்னு ஒரு வகையே புதுசா கொண்டு வந்தாங்க, தெரியாத ஃப்ளாக் வந்தா மறுக்கறதுதான் அதோட வேலையே. கடைசியா 5.6-ல ஓப்பன்அட்2 வந்தப்போ தெரியாததை மறுக்கறதை ஆரம்பத்துல இருந்தே சட்டமாக்கிட்டாங்க. 4.11-ல வந்த ஸ்டாட்எக்ஸ் இன்னும் ஒரு படி மேல, கேட்ட தகவல்ல எதையெல்லாம் நிஜமா நிரப்பினேன்னு ஒரு மாஸ்க் (ஆமா இல்லன்னு சொல்ற பிட் வரிசை), எந்த அட்ரிப்யூட் எல்லாம் இந்த ஃபைல் சிஸ்டத்துக்குத் தெரியும்னு இன்னொரு மாஸ்க், ரெண்டும் பதிலோடயே வந்துடும். "இந்த அட்ரிப்யூட் இல்ல"ங்கறதும் "இதைப் பத்தி எனக்குத் தெரியாது"ங்கறதும் வேற வேறன்னு அந்த ரெண்டாவது மாஸ்க் பிரிச்சுக் காட்டுது பாருங்க, நான் கேக்கறதும் அதேதான்.

உங்ககிட்டயே இதுக்குப் பாதி வேலை முடிஞ்சு கிடக்குங்கறதுதான் நான் இவ்வளவு நீளமா எழுதறதுக்குக் காரணம். பைத்தானையே சோதிக்க நீங்க வச்சிருக்கற டெஸ்ட்.சப்போர்ட்டைத் திறந்து பாத்தேன், மலைச்சுப் போயிட்டேன். கேன்_சிம்லிங்க்னு ஒரு ஃபங்ஷன், நிஜமாவே ஒரு சிம்லிங்க் உருவாக்கிப் பாத்து பதில் சொல்லுது. கேன்_சிஎச்மோட், ரெண்டு வேற வேற மோட் போட்டு ஸ்டாட் பண்ணி ரெண்டும் வேறயா வருதான்னு பாக்குது. கேன்_எக்ஸ்அட்டர், ஒரு டெம்ப் ஃபைல்ல கூடுதல் அட்ரிப்யூட் (ஃபைலோட ஒட்டி வைக்கற தகவல்) எழுதிப் பாக்குது. எஃப்எஸ்_இஸ்_கேஸ்_இன்சென்சிட்டிவ், ஒரு டைரக்டரியைக் குடுத்தா அங்க பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதானான்னு பாத்துச் சொல்லுது, பாத்தை வச்சு கேக்கற கேள்வி! ஐபிவி6 நிஜமாவே இந்த மெஷின்ல இருக்கான்னு பைண்ட் பண்ணிப் பாக்கறது ஒண்ணு. வெப்அசெம்ப்ளில (ப்ரவுசருக்குள்ள ப்ரோக்ராம் ஓட்டற முறை) த்ரெட் மாட்யூலை இம்போர்ட் பண்ண முடியும் ஆனா ஸ்டார்ட் பண்ணினா ரன்டைம்எரர் வருமே, அதைக் கண்டுபிடிக்க கேன்_ஸ்டார்ட்_த்ரெட்னு ஒண்ணு. நான் பத்து வருஷமா தடவித் தடவி எழுதினதெல்லாம் அங்க வரிசையா இருக்கு. மேல ஒரு குறிப்பு, இது கோர் டெவலப்பர்களுக்கு மட்டும், வெளிய யாரும் பயன்படுத்த வேண்டாம், அறிவிப்பு இல்லாம மாறும். சில டிஸ்ட்ரோல டெஸ்ட் பேக்கேஜையே தனியா இன்ஸ்டால் பண்ணணும். உங்க டெஸ்ட் ஓட இந்தக் கேள்விகள் இல்லாம முடியலன்னா எங்க ப்ரோக்ராமும் முடியாது, ரெண்டும் ஓடறது அதே மெஷின்லதான்.

அதனால நான் கேக்கறது இதுதான். அந்த ஃபங்ஷன்களை முதல்ல வெளிய கொண்டு வாங்க, பொதுவான ஒரு உருவத்துல. எந்த ஃபங்ஷன், எந்த ஆர்க்யுமென்ட், எந்தப் பாத், இந்த மூணையும் வாங்கிக்கிட்டு பதில் சொல்ற மாதிரி. பதில் ஆமா, இல்ல, முயற்சி பண்ணாம சொல்ல முடியாதுன்னு மூணுல ஒண்ணா இருக்கட்டும். மூணாவது பதில் கண்டிப்பா வேணும், அது இல்லன்னா எதையாவது ஆமான்னு சொல்லிடத் தோணும். ப்ரவுசர்ல வெப் பேஜைக் கையாள்ற டாம்ல ஹாஸ்ஃபீச்சர்னு ஒண்ணு இருந்து, பதிலை நம்பவே முடியாமப் போயி, இப்ப ஸ்டாண்டர்ட்படியே எதைக் கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லிட்டு நிக்குது, அந்த நிலைமை இதுக்கு வரக்கூடாது. பதிலுக்காக டிஸ்க்ல எதையாவது எழுதிப் பாக்கணும்னா அதை நான் தெரிஞ்சே கேட்டாத்தான் செய்யணும், சும்மா கேட்டதுக்கெல்லாம் யாரோட டிரைவ்லயும் டெம்ப் ஃபைல் போடக்கூடாது. சப்போர்ட்ஸ் செட் மாதிரி ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டையே உள்ள வைக்கறதுலயும் ஒரு சின்ன இடறல் இருக்கு, டெஸ்ட்ல ஓஎஸ்.ஸ்டாட்டுக்கு மேல மாக், அதான் போலி ஃபங்ஷன் போட்டுட்டா அது வேற ஆப்ஜெக்ட் ஆயிடும், செட்ல இல்லன்னு பதில் வரும், அதனால பேரை வச்சுக் கேக்கற மாதிரி இருந்தா நல்லது.

பதில் கிடைச்சதுக்கும் நான் கூப்பிடறதுக்கும் நடுவுல டிரைவைப் பிடுங்கிட்டுப் போனா பதில் பழசாயிடும், அது எனக்கும் தெரியும். அதுக்குத்தான் ரெண்டாவது வேண்டுகோள், கூப்பிடும்போதும் கறாரா இருக்க ஒரு வழி. சிஎச்மோடை இப்ப மாத்தினா விண்டோஸ்ல எத்தனையோ பேரு கோடு உடையும், அதைக் கேக்கல. கேட்ட மோடை முழுசா வைக்க முடியலன்னா எரர் குடுன்னு சொல்ல ஒரு கீவேர்ட் ஆர்க்யுமென்ட் போதும், வேணுங்கறவன் போட்டுக்குவான். அன்னைக்கு அது இருந்திருந்தா டோக்கனை எழுதாமலே என் டூல் நின்னிருக்கும். காப்பிஸ்டாட் இன்னைக்கு நன் தான் ரிட்டர்ன் பண்ணுது, அதுக்குப் பதிலா எதை எதை விட்டேன்னு ஒரு லிஸ்ட் குடுத்தா ஸ்டுடியோவுல மூணு ராத்திரி மிச்சமாயிருக்கும். டாக்குமெண்ட்ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கீழ எந்த ப்ளாட்ஃபார்ம்ல கிடைக்கும்னு ஒரு வரி போடறீங்களே, ரொம்ப உழைச்சு எழுதின வரி அது, அதை ஓடிட்டு இருக்கற ப்ரோக்ராமும் படிக்கற மாதிரி டேட்டாவா சேர்த்து அனுப்பினீங்கன்னா அதுவே பாதி.

எல்லா ஃபைல் சிஸ்டம், எல்லா கர்னல், எல்லா கன்டெய்னருக்கும் பதில் வேணும்னு நான் கேக்கல, அது முடியாதுன்னு எனக்கே தெரியுது. டெஸ்ட்.சப்போர்ட்ல இருக்கற ஒரு பத்து கேள்வி, அதுல இருந்து ஆரம்பிக்கலாம். சாக்கெட்ல ஹாஸ்_டூயல்ஸ்டாக்_ஐபிவி6-ஐ (ஒரே சாக்கெட் பழைய, புது முகவரி ரெண்டுக்கும் ஆகுமா) பைத்தான் 3.8-ல அப்படித்தானே கொண்டு வந்தீங்க, ஒரு சாக்கெட்டைத் திறந்து ஆப்ஷனைப் போட்டுப் பாத்து பதில் சொல்ற குட்டி ஃபங்ஷன், நான் தினமும் பயன்படுத்தறேன்.

டெஸ்ட் பண்ண மெஷின் வேணும்னா எங்கிட்ட ஃபேட்32 டிரைவ் ஒண்ணு, எக்ஸ்ஃபேட் ரெண்டு, டெவலப்பர் மோட் போடாத விண்டோஸ் லாகின் ஒண்ணு, 85 குறியைத் தாண்டின தமிழ்ப் பேர் வச்ச ஃபோல்டர் ஏகப்பட்டது இருக்கு. பேட்ச் எழுதி அனுப்பினீங்கன்னா அன்னைக்கு ராத்திரியே எல்லாத்துலயும் ஓட்டிப் பாத்து ரிசல்ட் அனுப்பிடறேன், டாக்குமெண்ட்டுக்கு உதாரணம் எழுதற வேலையையும் என்கிட்டயே குடுங்க.

இப்படிக்கு,
உங்க ஸ்டாண்டர்ட் லைப்ரரியை நம்பி நாலு கடைக்கு பேக்கப் எடுத்துக் குடுக்கற ஒருத்தன்